மழையை மனிதன் மாற்ற முடியுமா? – ஒரு நீண்ட வழக்கின் கதை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்வண்டியில் நீங்கள் ஒருமுறையேனும் பயணம் செய்திருக்கலாம். எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் தெரியும். அத்திப்பட்டுப் பக்கம் வந்தால் கிழக்கே அனல் மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வண்டி போகப் போக நெல்வயல்களும் ஏரிகளும் இடையிடையே சவுக்குத் தோப்புகளும் வரும். கடைசியில் இரும்புருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் இந்த ஒரு பாதையில் மரம், ஏரி, நிலக்கரி, தொழிற்சாலை ஆகிய நான்கையும் பார்த்துவிடுகிறோம். இந்த நான்கையும் சுற்றியே ஒரு பெரிய வழக்கு 170 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்திருக்கிறது. "மனிதனுடைய செயலால் தட்பவெப்பம் மாறுமா?" என்பதே அந்த வழக்கு. இது அண்மையில் மேல்நாட்டிலிருந்து வந்த விவாதம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இதன் பழைய அத்தியாயங்களில் சில நம் சென்னையிலேயே எழுதப்பட்டவை. அவற்றை இங்கே வரிசையாகக் காண்போம்.

மரம் குறைந்தால் மழை குறையுமா?

1847ஆம் ஆண்டு. இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இலண்டனிலிருந்து ஒரு கேள்வி அனுப்பினார்கள். ஒரு நாட்டின் தட்பவெப்பத்துக்கும் விளைச்சலுக்கும் மரங்கள் எவ்வாறு துணை செய்கின்றன என்பதைப் பற்றித் தகவல் வேண்டும் என்றார்கள்.

இக்கேள்விக்கு விரிவாக விடை தேடியவர்களில் ஒருவர் சென்னைப் படையின் மருத்துவரான எட்வர்ட் பால்ஃபர். பின்னாளில், 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்தவர் இவரே. மழையை வருவிப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் மரங்களுக்குள்ள பங்கு பற்றி இவர் எழுதிய கட்டுரை 1849இல் சென்னையின் இலக்கிய அறிவியல் இதழில் வெளிவந்தது.

பால்ஃபருக்கு முன்பே ஐரோப்பிய அறிஞர்கள் இதைப் பற்றிச் சிந்தித்திருந்தனர். வெனிசுலா நாட்டின் வலென்சியா ஏரி வற்றி வருவதை 1800இல் கண்ட ஹம்போல்ட், சுற்றியிருந்த காடுகளை அழித்ததே காரணம் என்றார். சில பத்தாண்டுகள் கழித்து அங்கே சென்ற பூசிங்கோ, போரினால் பயிர்த்தொழில் நின்று காடு மீண்டும் வளர்ந்தபின் ஏரி நீர் உயர்ந்திருக்கக் கண்டார். இத்தகைய சான்றுகளோடு இந்திய அனுபவங்களையும் சேர்த்துப் பால்ஃபர் தம் வாதத்தை அமைத்தார்.

1851இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகமும் ஒரு குழுவின் அறிக்கையைப் பெற்றது. வெப்பமண்டலக் காடுகளின் அழிவால் என்ன விளையும் என்பதே பொருள். அக்குழுவில் இருந்தவர்களில் இருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஹியூ கிளெக்ஹார்ன். இவர் 1856இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். மற்றவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. இவரை நம் கதையில் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

அதே 1856இல்தான் தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா வரை திறக்கப்பட்டது. தண்டவாளத்தின் அடியில் கட்டைகள் வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். சுற்றுவட்டாரக் காடுகள் வேகமாகக் கரைந்தன. விறகுத் தேவைக்காகச் சென்னைக் கடற்கரை நெடுகிலும் 1860களிலிருந்து சவுக்கு பெருவாரியாகப் பயிரிடப்பட்டது. வண்டியிலிருந்து நீங்கள் காணும் சவுக்குத் தோப்புகளின் பின்னே இந்த வரலாறு நிற்கிறது.

சூரியன்மேல் பழி

1876இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் போதவில்லை. 1876–78 பஞ்சம் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் சூறையாடியது. பல லட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். நாடு முழுவதும் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய் இந்தப் பஞ்ச நிவாரண வேலையாக நடந்ததுதான். எண்ணூர், பழவேற்காடு வழியாக வடக்கே செல்லும் பழைய கால்வாயோடு அது சேர்ந்து, அந்நாள் கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று.

மழை ஏன் பொய்த்தது? இதற்கு இரண்டு விடைகள் எழுந்தன. காட்டை அழித்ததால் என்றது ஒரு தரப்பு. சூரியனே காரணம் என்றது மற்றொரு தரப்பு.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றுவதும் மறைவதும் உண்டு. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் ஹண்டர், சென்னையில் 1813 முதல் 1876 வரை அளக்கப்பட்ட 64 ஆண்டு மழைக் கணக்கை எடுத்தார். அதைக் கரும்புள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டார். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளை ஒட்டியே மழையும் குறைகிறது என்று 1877இல் எழுதினார். வானியல் அறிஞர் நார்மன் லாக்யர் அவருக்குத் துணை நின்றார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இலண்டனில் பெரிதாகப் பேசப்பட்டது.

ஹண்டர் கையாண்ட மழைக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட சென்னை வானாய்வுக் கூடத்திலிருந்து. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது; அதில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்து வைத்த, பெயர் தெரியாத ஊழியர்களின் பொறுமைதான் இந்த உலக விவாதத்துக்கு அடித்தளம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சத்துக்குச் சூரியன் காரணம் என்றால் மண்ணில் யாரும் பொறுப்பாளி இல்லை! மழை பொய்த்த காலத்திலும் தானியம் ஏற்றுமதி ஆனது, நிவாரணக் கூலி குறைக்கப்பட்டது, வரி கேட்கப்பட்டது என்ற குற்றச்சாட்டுகள் பின்னுக்குப் போய்விடும். ஹண்டர் அப்படி நினைத்து எழுதினார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு விடை யாருக்கு வசதியாக இருக்கிறது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்கிறது.

ஹண்டரின் கணக்கைச் சோதித்தவர் யார்? நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. 1877இலேயே அவர் அதே 64 ஆண்டு எண்களை எடுத்து எளிய ஒரு சோதனை செய்தார். கரும்புள்ளிச் சுழற்சியின்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சராசரியை வைத்து மழையைக் கணித்தால் எவ்வளவு பிழை வருகிறது? சுழற்சியே இல்லை என்று கொண்டு 64 ஆண்டுக்கும் ஒரே சராசரியை வைத்தால் எவ்வளவு பிழை? இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, சென்னை மழையைக் கரும்புள்ளி ஆள்கிறது என்பது நிலைநாட்டப்படவில்லை என்றார். இந்த ஸ்ட்ரேச்சியே பின்னர் 1878–80 பஞ்சக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார்.

மாணவ நண்பர்களே, இது அறிவியலில் ஒரு நல்ல பாடம். இரண்டு எண்வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்குவதுபோல் தோன்றினால் மட்டும் போதாது. அந்தத் தோற்றம் தற்செயலாக வந்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மரத் தரப்பின் நிலை

சூரியக் கட்சி இப்படித் தளர்ந்தது. மரக் கட்சி என்ன ஆயிற்று? 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. மத்திய மாகாணத்தில் காடுகள் பாதுகாக்கப்பட்டபின் மழை கூடியிருக்கிறது என்று அவர் 1887இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் அத்துறைக்குப் பின்னர் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் 1910இல் நாடு முழுவதும் உள்ள பதிவுகளை ஆராய்ந்தார். இந்தியாவின் தட்பவெப்பம் நிலையாக மாறிவிட்டது என்பதற்குச் சான்று இல்லை என்பது அவர் முடிவு. மழை சில காலம் குறையும், பிறகு கூடும். பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள உறவை வெளிப்படுத்தியவரும் இதே வாக்கர்தான். 1877இன் வறட்சிக்குப் பின்னே வலிமையான ஓர் எல் நினோ இருந்தது என்பதை இன்று அறிவோம்.

அப்படியானால் பால்ஃபர் சொன்னது தவறா? பாதி சரி. வங்கக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைத் திருவள்ளூரின் சில தோப்புகள் பெரிதாகக் கூட்டிவிட முடியாது. ஆனால் பெய்த மழையை மண்ணில் இறக்குவதும், வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும், ஏரியில் வண்டல் சேராமல் தடுப்பதும் மரமும் புதரும் செய்கிற வேலை. "மழையை வருவிப்பது" என்பதில் பால்ஃபரின் சான்று மெலிந்தது. "ஈரத்தைக் காப்பது" என்பதில் அவர் சொன்னது நிலைத்தது.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. காட்டைக் காப்போம் என்ற கொள்கை 1882இல் சென்னைக் காடுகள் சட்டமாக வந்தது. காட்டுக்கு ஊறு செய்பவர்கள் என்று அது முதலில் கண்டது விறகு பொறுக்கியவர்களையும் ஆடு மேய்த்தவர்களையும்தான். இரயில் எஞ்சின் தின்ற விறகை அந்த ஏழைகள் தின்னவில்லை.

இந்த வாதம் நம் காலத்திலும் ஒலித்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தேர்வாய்கண்டிகையில் சிப்காட் தொழிற்பேட்டைக்காகப் புதர்க்காடும் மேய்ச்சலும் கொண்ட நிலம் ஒதுக்கப்பட்டது. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர்மக்கள் எதிர்த்தார்கள். அந்தக் காட்டில் இறங்கும் தண்ணீர்தான் எங்கள் ஏரிகளுக்கு வருகிறது என்றார்கள். வேலை வாய்ப்பு வரும் என்றது அரசு. தொழிற்பேட்டை அமைந்தது. பால்ஃபரின் பெயரை அறியாமலே அவருடைய வாதத்தின் வலுவான பாதியை அந்த மக்கள் எடுத்துரைத்தார்கள்.

வழக்கில் புதிய சாட்சி: கரியமில வாயு

மரத்தையும் சூரியனையும் பற்றி இந்தியாவில் வாதாடிய அதே காலத்தில், வேறொரு சாட்சி மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட், கரியமில வாயு நிறைந்த கண்ணாடிக் குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். 1859இல் ஜான் டின்டால், இவ்வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். பூமி வெளிவிடும் வெப்பத்தைக் கம்பளிபோல் தடுத்து நிறுத்தும் வாயு இது. 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ், நிலக்கரி எரிப்பதால் பூமி சூடேறக்கூடும் என்று கணக்கிட்டார்.

உடனே மறுப்பும் வந்தது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவே உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சிவிடுகிறது, மேலும் சேர்த்தால் மாற்றம் இராது என்றார் ஆங்ஸ்ட்ராம், 1900இல். இம்மறுப்பு பல ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. ஆனால் வளிமண்டலம் ஒரே தகடு அன்று, அடுக்கடுக்கானது. கீழடுக்கில் உறிஞ்சிய வெப்பம் மேலடுக்குக்குப் போகிறது. இறுதியில் வெப்பம் விண்வெளிக்குத் தப்பும் இடம் மேலே, காற்று மெலிந்த, குளிர்ந்த உயரத்தில் உள்ளது. வாயு கூடினால் அந்த இடம் இன்னும் உயரே, இன்னும் குளிர்ந்த அடுக்குக்குப் போகிறது. குளிர்ந்த அடுக்கு குறைவாகவே வெப்பத்தை வெளிவிடும். எனவே கீழே வெப்பம் மிஞ்சுகிறது.

1938இல் கேலண்டர் என்ற எஞ்சினியர், பூமி உண்மையிலேயே சூடேறி வருகிறது என்று வானிலைப் பதிவுகளிலிருந்து காட்டினார். பலர் நம்பவில்லை. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு. இன்று 420க்கும் மேல். தொழிற்புரட்சிக்கு முன் 280.

இந்த வழக்கில் ஒரு தமிழரின் சாட்சியமும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் பயின்ற வீரபத்ரன் ராமநாதன், முதலில் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிலில் வேலை பார்த்தார். குளிர்பதன வாயு கசியாமல் தடுப்பது எப்படி என்று ஆராய்ந்தவர் அவர். அமெரிக்கா சென்றபின் 1975இல், அதே குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையாக வெப்பத்தைப் பிடித்து வைப்பவை என்று கண்டார். 1980இல் மேடன் என்பவருடன் சேர்ந்து, 2000ஆம் ஆண்டுக்குள் வெப்ப உயர்வு ஐயமறத் தெரியும் என்று முன்கூட்டிக் கூறினார். அப்படியே நடந்தது.

நம் வீட்டுப் பக்கத்துக் கணக்கு

எண்ணூரில் 1970இல் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வட சென்னை நிலையமும், பக்கத்திலேயே வல்லூர் நிலையமும் வந்துவிட்டன. வட சென்னை நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாள் முழு வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 லட்சம் யூனிட் மின்சாரம். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. ஆக, ஓர் அலகு ஒரு நாளில் விடுவது 5,000 டன்! கரி 12 பங்கு எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் 32 பங்கு சேர்ந்து 44 பங்கு வாயுவாகிறது. அதனால்தான் எரித்த கரியைவிட வெளிவரும் வாயுவின் எடை மிகுதி.

காற்றில் கூடும் வாயு நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தது என்பதை எப்படி அறிவது? கார்பன்–14 என்ற கதிரியக்கக் கரி சில ஆயிரம் ஆண்டுகளில் பாதியாகக் குறைவது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது அறவே இராது. நிலக்கரி எரிய எரிய, காற்றில் உள்ள கார்பன்–14இன் விகிதம் நீர்த்துப் போகிறது. 1950களிலேயே ஹான்ஸ் சூஸ் இதை மர வளையங்களில் கண்டுபிடித்தார்.

மீண்டும் சூரியன்

விந்தை என்னவென்றால், நம் காலத்து விவாதத்திலும் சூரியன் மீண்டும் கூண்டில் ஏற்றப்பட்டான். பூமி சூடேறுவது உண்மைதான், ஆனால் அது சூரியனால் என்றார்கள் சிலர். 1877இல் ஸ்ட்ரேச்சியிடம் இல்லாத கருவி இன்று நம்மிடம் உள்ளது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் வலிமையை அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சி தெரிகிறது. தொடர்ந்த ஏற்றம் இல்லை. பூமியோ சூடேறிக்கொண்டே போகிறது. மேலும், சூரியனே காரணமானால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடேறுகிறது, மேலடுக்கு குளிர்கிறது. இது கம்பளி போர்த்திய உடலின் அடையாளம்.

ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 1988இல் அமைந்த பன்னாட்டுக் குழு, 1995இல் மனிதனின் செல்வாக்கு தென்படுகிறது என்ற அளவில் எச்சரிக்கையாகப் பேசியது. 2021இல், ஐயத்துக்கு இடமின்றி மனிதனே காரணம் என்றது. அக்குழுவும் தவறியதுண்டு. இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடலாம் என்று அதன் 2007 அறிக்கையில் வந்தது ஆதாரமற்றது. நம் நாட்டில் எழுந்த வலுவான எதிர்ப்புக்குப் பின் 2010 ஜனவரியில் அதைப் பிழை என ஒப்புக்கொண்டார்கள். பிழை திருத்தப்பட்டது, வெப்ப உயர்வின் சான்றுகள் அப்படியே நின்றன.

இந்தியாவில் விவாதம் பெரும்பாலும் "உண்மையா" என்பதைவிட "யார் பொறுப்பு" என்பதைப் பற்றியதாகவே இருந்தது. 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைக் கூர்மையாக எழுப்பினர். வயல் உழுது பிழைப்பவனின் மாடு வெளிவிடும் வாயுவையும், செல்வ நாட்டில் கார் ஓட்டுபவனின் புகையையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இன்றும் இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு. அமெரிக்கருக்கு ஏறத்தாழ 14 டன். சூரியனைக் காட்டித் தப்பிக்க முடியாதது போலவே, பிறரைக் காட்டி மட்டும் தப்பிக்கவும் முடியாது என்பது உண்மை. ஆனால் தராசில் எடை சமமில்லை என்பதும் உண்மை.

எதையும் எதற்கும் காரணமாக்கலாமா?

2015 டிசம்பரில் சென்னையும் திருவள்ளூரும் வெள்ளத்தில் மூழ்கியபோது, "எல்லாம் பருவநிலை மாற்றம்" என்று பலரும் சொன்னார்கள். பின்னர் அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர்கள், அந்த ஒரு மழையில் மனிதனால் வந்த வெப்ப உயர்வின் பங்கைத் தெளிவாகக் காட்ட இயலவில்லை என்றனர். நான்காண்டுக்குப் பின் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. வெள்ளத்திலும் வறட்சியிலும் வானத்தின் பங்கு உண்டு. வாய்க்காலை அடைத்த, ஏரியைச் சுருக்கிய நம் கையின் பங்கும் உண்டு. பஞ்சத்துக்குச் சூரியனைக் காட்டிய ஆட்சியைப் போல, தூர் வாராத கால்வாய்க்குப் பருவநிலை மாற்றத்தைக் காட்டுவதும் ஏற்கத்தக்கதன்று.

பூமி முழுவதும் சூடேறுகிறது, அதற்கு மனிதனே காரணம் என்பது உறுதிப்பட்டது. குறிப்பிட்ட ஒரு நாள் மழைக்கு எது காரணம் என்பது தனியே ஆராய வேண்டியது. இரண்டையும் குழப்பாதவரே நல்ல மாணவர்.

அடுத்த முறை நீங்கள் கும்மிடிப்பூண்டி வண்டியில் சென்றால் இக்கதையை நினைத்துப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் புகைபோக்கி. நுங்கம்பாக்கத்தில் அன்று ஒருவர் மழைமானியைப் பார்த்து எழுதி வைத்த எண்தான் இந்த வழக்கின் முதல் சாட்சிகளில் ஒன்று. உங்கள் பள்ளி முற்றத்திலும் ஒரு மழைமானியை வைக்கலாம். மழை பெய்த நாளிலும் பெய்யாத நாளிலும் தவறாமல் எழுதி வையுங்கள். அறுபத்து நான்கு ஆண்டு கழித்து யாரோ ஒருவருக்கு அது தேவைப்படும்.